முன்கதையில் கப்பல் புதுசு

கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டு அடங்குகிறது. பீப். அவ்வளவுதான். சரவணம்பட்டியில் எங்கள் அடுக்ககத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலை நிமிர்த்துவதில்லை. மின்விசிறி நிற்கப் பார்த்து, மனம் மாறி, மறுபடி சுற்றத் தொடங்குகிறது. எனக்கு மட்டும் அந்த ஒரு பீப்பில் விண்கலத்தின் கதவு ஒன்று திறந்துகொள்கிறது.

டப்பிங் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவன் நான். கவிதை எழுதுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பகல்கள் போவது டப்பிங்கில்தான். வேற்று மொழிக்காரன் வாய் திறந்து மூடுவதற்குள் தமிழை மடித்து அதற்குள் திணிக்க வேண்டும். வேட்டியைச் சின்னப் பையில் திணிப்பது போல. எப்படியும் ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஊரே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு பழைய விண்வெளிப் படம் டப்பிங்குக்கு வந்தது. கோவையிலேயே ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையில் அதற்குக் குரல் கொடுத்தோம். ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் யு.பி.எஸ். கத்தும். அந்தக் கத்தல் நாலைந்து இடத்தில் பதிவாகிவிட்டது. அழிக்கலாம் என்று போட்டுக் கேட்டால், கப்பலே கத்துவது போலிருந்தது. விட்டுவிட்டோம். எங்கள் ஊர் யு.பி.எஸ். இன்றைக்கும் அந்தப் படத்தில் ஏதோ ஒரு நட்சத்திரக் கூட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

கப்பலின் கணினிக்கு அந்தப் படத்தில் முகம் கிடையாது. சுவரில் சல்லடை மாதிரி ஒரு ஸ்பீக்கர், அதற்குக் கீழே பச்சை எழுத்துகள் ஓடும் கண்ணாடிப் பெட்டி. அந்தச் சல்லடைக்குப் பேசியவர் போத்தனூர் அக்கா. ரயில்வே குடும்பம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தனிக்குரல் பாடுகிறவர். கிணற்றுக்குள் சொம்பு விழுந்த மாதிரி தெளிவான குரல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் தம்பி என்பார், கோபம் வந்தால் கவிஞரே என்பார்.

அப்போது ஒரு பிழை நடந்தது. கேப்டன் அறைக்குள் நுழையும்போதெல்லாம் மூலப்படத்தில் கணினி பேசாது; விளக்குகள் கண் சிமிட்டும், அவ்வளவுதான். அக்கா ஒத்திகையில், கதவு திறந்ததும், "வாங்க" என்றார். எனக்கு அது உறுத்தவில்லை. ஒலிப்பதிவாளருக்கும் உறுத்தவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். இங்கே வாசலில் வந்து நின்றவரை 'வாங்க' என்று கேட்காமல், அதாவது வரவேற்காமல் விட்டால், பல வருஷம் கழித்து ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி அதைச் சொல்லிக் காட்டுவார்கள். எனவே கதவு திறந்த இடத்தில் எல்லாம் கணினி 'வாங்க' என்றது. கடைசியில் எதிரி கதவை வெடித்துத் தகர்த்து, துப்பாக்கியோடு உள்ளே வருகிறான்.

"வாங்க" என்றது கப்பல்.

படம் தியேட்டருக்குப் போன பிறகுதான் எங்களுக்கு வேலை கொடுத்த சென்னைக் கம்பெனிக்காரர் கவனித்தார். போனில் கத்தித் தீர்த்தார். தியேட்டரில் அந்த இடத்தில் விசில் பறந்தது என்று தெரிந்ததும், அது தன் யோசனைதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன வருஷம் அவரே கூப்பிட்டார். "சார், அந்தக் கப்பல் படத்துக்கு ப்ரீக்வல் வருது."

கதைக்கு முன்னால் நடந்த கதை. எடுத்தது மட்டும் பின்னால். நடுத்திரையில், யாரும் திருடாமலிருக்கப் போட்ட கம்பெனியின் பெயர் சாம்பல் நிறத்தில் படுத்திருக்க, மடிக்கணினியில் பார்த்தேன். கழுத்து வலித்தது. முதல் கதைக்கு ஐம்பது வருஷம் முந்தைய கதை. அதே கப்பலை இப்போதுதான் கட்டி முடித்திருக்கிறார்கள். எங்கேயும் ஒரு வயர் இல்லை. ஒரு திருகாணி இல்லை. கேப்டன் ஈ ஓட்டுவது போலக் காற்றில் கையை வீசுகிறார். நட்சத்திர வரைபடம் அறை முழுக்கப் பூக்கிறது. கதவு சத்தமில்லாமல் கரைந்து வழிவிடுகிறது. கணினிக்கு இப்போது முகம் இருக்கிறது, வெளிச்சத்தால் ஆன முகம். நினைத்த இடத்தில் தோன்றுகிறது. கேப்டன் வாய் திறக்குமுன்னே அவருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்துகொள்கிறது.

முதல் படத்தில், அதாவது இதற்கு ஐம்பது வருஷம் கழித்து, இதே கப்பலில் இன்னொரு கேப்டன் பச்சை எழுத்துப் பெட்டியின் தலையில் ஓங்கி அடித்து வேலை செய்ய வைப்பார். பழைய டி.வி.யை நாம் அடித்தது போல.

படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர்களுக்கு இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் என்னதான் ஆயிற்று? ஒரு பெரிய போரில் எல்லாம் அழிந்திருக்கலாம். வெளிச்ச முகம் எதிரியிடம் பேசிவிடுகிறது என்று பயந்து வயருக்கும் பட்டனுக்கும் திரும்பியிருக்கலாம். படத்தில் இதற்கு ஒரே ஒரு வரி வருகிறது. 'இதெல்லாம் சோதனைக்காக வைத்தது, எடுத்துவிடுவார்கள்' என்று ஒருவன் போகிற போக்கில் சொல்கிறான். கிழிந்த இடத்தில் ஒரு ஒட்டு. அந்த ஒட்டுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை.

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். முன்கதை எடுக்கிறவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய வருங்காலம் இன்றைய போன் கடையின் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. போன தலைமுறை கண்ட வருங்காலத்தை அப்படியே காட்டினால் பார்ப்பவன் சிரிப்பான் என்று பயம். பிடிவாதக்காரர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். பழைய பட்டன்களைத் தேடிப்பிடித்து, ஓரத்தில் அழுக்குத் தடவி, 'க்ளக்' என்ற சத்தத்தோடு அமுக்க வைக்கிறவர்கள். அந்தப் படங்களில் எனக்கு மூச்சு விடமுடியும். மற்றவற்றில் எல்லாமே துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கை வைக்கவே கூச்சமாயிருக்கிறது.

இதற்கு ஏன் இத்தனை அலுப்பு எனக்கு? யாரோ எங்கோ கட்டிய கப்பல். ஆனால் என் மகள், செல்போன் இல்லாத காலத்தில் நீங்களும் அம்மாவும் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டபோது, நான் சொன்ன கதையை நானே கேட்டேன். அதில் எஸ்.டி.டி. பூத்தில் வியர்த்து நின்றது இல்லை. அவள் வீட்டில் யாரோ மாமா போனை எடுத்ததும் வாய் அடைத்து ரிசீவரை வைத்துவிட்டது இல்லை. எனக்கு என்ன வேண்டுமென்று எனக்கே தெரியாமல் திரிந்த ஆடி மாதங்கள் இல்லை. எல்லாம் முன்பே தெரிந்தவன் போல நேராக நடந்து போய்ச் சொன்னேன் என்றேன். என் முன்கதையிலும் வயர்களைக் கழற்றிவிட்டேன். அவள் ரசித்துக் கேட்டாள்.

அக்காவிடம் சொல்லப் போத்தனூர் போனேன். பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனது தெரியும். போனில் விசாரித்தபோது அவர் மகன்தான் பேசினான். கேட்டைத் தட்டினேன்.

"வாங்க தம்பி."

குரலைக் கேட்டதும், வேறு யாரோ கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். மரத்தை இழைக்கிற மாதிரி ஒரு குரல்.

"பயந்துபோட்டீங்களா? கேஸ் சிலிண்டர் புக் பண்ணக் கூப்பிட்டா, சொல்லுங்க சார்ங்கறாங்க. மொதல்ல ரெண்டு தடவ திருத்துனேன். இப்ப விட்டுட்டேன். சாராவே இருந்துட்டுப் போறேன்."

சிரித்தார். சிரிப்பு மட்டும் பழையது.

"அக்கா, அந்தக் கப்பல் படத்துக்கு முன்கதை வருதுங்க. கப்பல் கட்டுன காலத்துக் கதை. அம்பது வருஷம் முந்தி."

காப்பி டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. "அப்ப அந்த மெஷினு பழைய மாடலுங்களா?"

"கதைப்படி பழசுதானுங்க."

"பழைய மாடல்னா கொஞ்சம் கரகரன்னுதான பேசும்? எங்க ஊட்டு மொதல் ரேடியோ அப்புடித்தான், நெஞ்சுச் சளி கட்டுனாப்புல பேசும்." அவருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப, தம்பி, போன படத்துல நான் பேசுனது புது மாடலு. இப்பத்தான் பழைய மாடலு என் தொண்டைக்கு வந்திருக்குது. சரியா?"

எங்கேயும் ஓட்டை இல்லாத கணக்கு. நான் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன்.

"படத்துல அது பளபளன்னு இருக்குதுங்க அக்கா. முகமெல்லாம் இருக்குது. வெளிச்சத்துலயே செஞ்சது."

"அம்பது வருஷம் முந்தியே பளபளன்னா, அப்பறம் எப்புடி அந்தச் சல்லடை ஆச்சு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"யாரையுங்க?"

"யாரையும் இல்லீங்க. சும்மா கேக்கறேன்."

"நல்லாக் கேட்டீங்க போங்க."

சரக்கு ரயில் ஒன்று வந்தது. போத்தனூரில் பேச்சுக்கு நடுவே ரயில் வந்தால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. வாயை மூடிக்கொண்டு பெட்டிகள் தீரும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி போன பிறகு சொன்னார்.

"பாட்டுக்குழுவுல இப்பக் கடைசி வரிசைல நிக்கறேன். வாய மட்டும் அசைக்கறேன். பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியும். ஒருத்தரும் கேக்கறதில்ல, நல்லவங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "டாக்டரு, குரல் அவ்வளவுதாம்மா, பழகிக்குங்கன்னாரு. பழகிக்கறேன். ஆனா இது எங்கியாச்சும் ஒரு எடத்துல பொருந்துதான்னு ஒரே ஒருக்கா பாக்கோணும். கம்பெனிக்காரங்களக் கேளுங்க. பொருந்தலீன்னா பொருந்தலீன்னு நேரா சொல்லிப்போடுங்க. எரக்கப்பட்டுச் சுத்தி வளைக்காதீங்க கவிஞரே, உங்களுக்கு அது கைவந்த வேலை."

சோதனைப் பதிவுக்கு நாள் குறித்தோம். இப்போதைய அறை சரவணம்பட்டியில், சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு நடுவே, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஒலிப்பதிவு பார்ப்பது இருபத்துச் சொச்சம் வயதுப் பெண். முதல் படத்தைப் பள்ளிக்கூட லீவில் டி.வி.யில் பார்த்து வளர்ந்தவள். அக்காவைப் பார்த்ததும், "ஆன்ட்டி, நீங்கதான் அந்த வாங்க-வா!" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஆமா கண்ணு. இப்பக் கொஞ்சம் துரு ஏறிப்போச்சு."

திரையில் கதவு கரைந்தது. கேப்டன் உள்ளே வந்தார். மைக்குக்கு முன்னால் அக்கா மூச்சை இழுத்தார்; இழுத்த மூச்சோடு நின்றார். வெளிச்ச முகத்தின் உதடுகள் அழகாக மூடியிருந்தன.

"ஏனுங்க, உள்ள வர்றவர வாங்கன்னு கேக்காதுங்களா இது?"

"வாய் மூடியிருக்குதுங்க அக்கா. எடமில்ல."

"இத்தன வசதி இருக்குது, வாயத் தொறக்க மாட்டேங்குதே."

அந்தப் பெண் ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அவரு வர்றது அதுக்கு முன்னாடியே தெரியும் ஆன்ட்டி. சென்சார் இருக்கு."

"எங்களுக்குந்தான் ஊட்டுக்கு ஒறம்பற சனம் வர்றது முன்னாடியே தெரியும். அதுக்குன்னு கேக்காம உடுவமா?"

மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் கசந்தது. முகம் இல்லாத சல்லடையாக இருந்தவரைக்கும் எந்த வார்த்தையும் அதற்குள் போய் உட்காரும். கப்பலுக்கு வசதி கூடக்கூட, எங்களுக்கு உட்கார இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாக ஒரு காட்சி எடுத்தோம். கப்பலில் எங்கோ கசிவு. கணினி கேப்டனிடம் சொல்ல வேண்டும். மூலத்தில் அந்த முகம் புன்னகை மாறாமல், விமானப் பணிப்பெண் மாதிரி சொல்கிறது. அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, திரையில் அந்த உதடுகளை மட்டும் பார்த்தபடி சொன்னார்.

"காற்று குறைந்துகொண்டிருக்கிறது. இனி நாம் திரும்ப முடியாது."

'திரும்ப' என்ற இடத்தில் குரல் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் செய்ததல்ல, தொண்டை செய்தது. அந்தப் புத்தம்புதுக் கப்பலின் சுவரில் முதல் கீறல் விழுந்த மாதிரி இருந்தது. இது ஒருநாள் வயர் தொங்கும் பழைய கப்பலாகும், ஒரு கேப்டன் இதன் தலையில் அடிப்பார் என்று அந்த ஒரு நொடி நம்ப முடிந்தது. ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் அந்தப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா இல்லீங்களா?" என்றார் அக்கா.

"இன்னொரு டேக் வேண்டாம் ஆன்ட்டி" என்றாள் அவள்.

சென்னைக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு காலையில், நான் பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது, கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.

"சார், பர்ஃபாமன்ஸ் பிரமாதம். ஆனா வாய்ஸ் வயசாத் தெரியுது. இது புது கப்பல் சார்."

"கதைப்படி அது பழைய கப்பலுங்க. போன படத்துல வந்ததவிடப் பழசு."

"கதைப்படி பழசு. பாக்கப் புதுசு. டிக்கெட் எடுத்து வர்றவன் எதைப் பாப்பான், சொல்லுங்க."

மாடிப்படியில் நின்றேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் அலுப்பு. தப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"ஒரு ஐடியா இருக்கு சார். பழைய படத்துல மேடம் பேசுனது சுத்தமா இருக்கு. அதைக் கொடுத்தா சாஃப்ட்வேர் அதே குரல்ல புது வசனத்தப் பேசிடும். சும்மா காட்டறதுக்கு ஒரு வரி செஞ்சு பாத்தோம், அனுப்பறேன். மேடம் சரின்னு சொன்னாப் போதும். பேரும் போட்டுடலாம்."

பால் கவர் கையில் சில்லென்று வியர்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வீடு சேர்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் போனேன். வழி முழுக்க வாக்கியங்களை மடித்துப் பார்த்தேன். குறிச்சிக் குளத்தைத் தாண்டும்போது ஒன்று அமைந்தது. போத்தனூர் பாலத்தில் அது உதிர்ந்துவிட்டது. அக்கா கோயில் புடவையோடு முன்னறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பொருந்தலைன்னு சொல்லிட்டாங்க அக்கா."

கத்தி நின்றது. பிறகு நறுக்கியது. "பரவால்ல. நேரா சொல்லிட்டீங்க."

மற்றதையும் சொன்னேன். பழைய குரல், சாஃப்ட்வேர், பேர் போடுவது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, என் போனைக் கேட்டார். அந்த ஒரு வரியைப் போட்டேன்.

காற்று குறைந்துகொண்டிருக்கிறது. இனி நாம் திரும்ப முடியாது.

அதே குரல். கிணற்றுக்குள் சொம்பு விழுந்த குரல். அறையில் அந்த நாள் அக்கா வந்து நின்றது போலிருந்தது, தலை நிறையக் கறுப்பு முடியோடு. இந்த அக்கா தலையைச் சாய்த்து, யார் வீட்டுப் பெண்ணோ பாடுவதைக் கேட்பது போலக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். போனைப் பார்த்தபடியே, "ஆனா தம்பி, இவ இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகல. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவகிட்டப் போயி, காத்து தீந்துபோச்சுன்னு சொல்லச் சொல்றீங்களே."

அவர் போனைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு நான் பேசுனது இதுல இருக்குதுங்களா?"

இருந்தது. போட்டேன். இழைப்புளி மரத்தில் இறங்கியது. 'திரும்ப' என்ற இடத்தில் பள்ளம் வந்தது. மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு ரயில் வந்தது; அது போகும்வரை போனை நிறுத்தி வைத்துக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டு முடித்தார்.

"இது பொருந்தியிருக்குது" என்றார். "அவங்களுக்குப் பொருந்தல. அது வேற. இத என் போனுக்கு அனுப்பி உடுங்க."

அனுப்பினேன். டிங் என்று அவர் போன் உள்ளறையில் சொன்னது.

"நானும் இந்தப் படத்துக்கு எழுதலைன்னு சொல்லிடறேன் அக்கா."

"எதுக்கு? நீங்க எழுதலீன்னா வேற ஒருத்தரு இன்னும் மோசமா எழுதுவாரு. சும்மா வீராப்பு காட்டாதீங்க. அந்தக் கேப்டனாச்சும் நல்ல தமிழு பேசட்டும்."

சாப்பிட்டுப் போகச் சொன்னார். வீட்டில் காத்திருப்பார்கள் என்றேன். கேட் வரை வந்தார். வெயில் தலைக்கு மேல் நின்றது. ஸ்கூட்டரின் சீட் கொதித்தது. உட்காராமல் நின்றபடியே கேட்டேன்.

"அவங்களுக்கு என்னன்னு சொல்லட்டுங்க?"

"வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

"ஏன்னு கேப்பாங்க அக்கா."

"தொண்ட கட்டியிருக்குதுன்னு சொல்லுங்க தம்பி."